ஒப்பு ரத்தம்

விலாவுக்குக் கீழே இரண்டு பக்கமும் வலித்தது. நின்றாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி, குனிந்து தாள்கட்டைத் தூக்கினால் இன்னும் கொஞ்சம் கூட. முதல் வருஷம் அந்த வலியைக் கவனித்தேன். தைலம் தேய்த்தேன், வெந்நீர் ஒத்தடம் வைத்தேன். அடுத்த வருஷம் விட்டுவிட்டேன். கூலிக்குப் போகிற உடம்பில் ஏதாவது ஒரு இடம் வலித்துக்கொண்டுதான் இருக்கும். எனக்கு அந்த இடம் என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் யூனிட் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிறது. முன்பு காலண்டர் அடித்த கட்டடம். இப்போது அங்கே சீட்டு செய்கிறோம். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய தாளில் மெழுகால் ஒரு வட்டம் அச்சடித்து அடுப்பில் காட்டினால், மெழுகு உருகித் தாளுக்குள் இறங்கி வேலி மாதிரி நின்றுவிடும். வேலிக்குள் மஞ்சள் மருந்து ஒரு சொட்டு விட்டுக் காயவைக்க வேண்டும். மேலே இன்னொரு தாள் ஒட்ட வேண்டும். விரலில் குத்தி ரத்தம் வைத்தால் சிவப்பை மேல்தாள் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் மட்டும் கீழே இறங்கும். ஐந்து நிமிஷம். வட்டம் மஞ்சளாகவே இருந்தால் சிறுநீரகம் சரியாக இருக்கிறது. ஆரஞ்சாக மாறினால் ரத்தத்தில் கழிவு தங்குகிறது. ஒரு சீட்டு இரண்டு ரூபாய்.

வெயில் சட்டம் வந்தபிறகு இந்தச் சீட்டு இல்லாமல் ஒரு செங்கல் நகராது. மூன்று கோடை முன்னால் சூளையிலும் உப்பளத்திலும் ரோடு வேலையிலும் ஆட்கள் வரிசையாக விழுந்தார்கள். அதற்குப்பிறகு வந்த சட்டம். மாசி முதல் புரட்டாசி வரைக்கும் திங்கட்கிழமை தோறும் வேலைக்குப் போகிற எவரும் கேட்டில் ஒரு சொட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். மேஸ்திரி போனைக் காட்டுவார், போன் நிறத்தைப் படிக்கும். மஞ்சள் என்றால் உள்ளே. ஆரஞ்சு என்றால் இரண்டு வாரம் வீட்டில் இருந்து தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குடிப்பதற்குக் கூலி கிடையாது.

மருந்து ஒரு தடவை கலந்த மாதிரி மறுதடவை இருக்காது. அதனால் ஒவ்வொரு நாள் பேட்சிலும் முதல் சீட்டில் நல்ல ரத்தம் வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்த நிறத்தைத்தான் போன் அந்தப் பேட்சுக்கு 'நல்லது' என்று எடுத்துக்கொள்ளும். இதற்கு ஒப்பு என்று பெயர். ஆரம்பத்தில் ஒப்புக்காகக் கம்பெனி குப்பிகளில் ஒரு திரவம் அனுப்பியது, ஐஸ் பெட்டியில் வரும். முதல் கோடையிலேயே மூன்று நாள் கரண்ட் போய் எல்லாம் கெட்டுவிட்டது. லோடு வண்டி வாசலில் நின்றது. மேனேஜர் எபனேசர் சார் வெளியே வந்து, "ஏம்மா, உங்கள்ல நல்ல உடம்பு யாருக்கு?" என்று கேட்டார்.

மற்ற பெண்கள் எல்லாரும் என்னைக் காட்டினார்கள். காலண்டர் காலத்திலிருந்து ஒரு நாள்கூட லீவு போடாதவள் நான் ஒருத்திதான். முழு வருகைக்கு ஆயுதபூஜை அன்று பரிசாகக் குக்கர் கொடுப்பார்கள். ஆறு வருஷத்தில் ஆறு குக்கர் வாங்கியிருக்கிறேன். லீவே போடாதவளுக்கு என்ன சீக்கு இருக்கப்போகிறது? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெருமையாக விரலை நீட்டினேன்.

பிறகு குப்பி கேட்டு யாரும் எழுதவில்லை. இரண்டரை வருஷம் தினமும் ஒரு குத்து.

அன்றைக்குத் திங்கட்கிழமை. பேட்ச் போட்டுவிட்டு விரலைச் சப்பிக்கொண்டு நின்றேன்.

"யக்கா, சொட்டு வருதா? இல்ல நேத்து கொசு முந்திக்கிருச்சா?" என்றாள் அடுப்படியில் நிற்கும் பேச்சித்தாய்.

"ஒனக்கு வேணும்னா நாளைக்கு நீ குடு."

"எனக்கெதுக்கு? ரத்தம் குடுத்தா கூடக் கொஞ்சம் டீ குடுப்பாகளா? அந்த ஒத்தைக் கட்டைக்கு முப்பது பேரு நிக்கோம். டீயக் குடிச்சிட்டு நான் எங்க போக?"

கட்டை என்றால் கக்கூசுக்குப் போகிறவர்கள் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டிய மரக்கட்டை. ஒன்றுதான் இருக்கிறது. அதற்காக நாங்கள் யாரும் மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. அடுப்பறையில் தாள் பறக்கும் என்று காற்றாடியும் போடுவதில்லை.

அப்போதுதான் லீலாவதி போன் போட்டாள். என் தம்பி அய்யாத்துரை பொண்டாட்டி. வேம்பார்ப் பக்கம் இரண்டு பேருக்கும் உப்பளத்தில் வேலை.

"மைனி, உங்க தம்பி பாத்தியில குப்புற விழுந்துட்டாக. வாயெல்லாம் உப்பு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம்."

"காலையில சீட்டு போட்டாகளா?"

"போட்டாகளே. மஞ்சதான். மஞ்சன்னு சொல்லித்தான உள்ள விட்டாக."

*

தம்பி கண்ணைத் திறந்து படுத்திருந்தான். முகம் வீங்கியிருந்தது. கால் பெருவிரலில் உப்பு வெட்டிய புண்.

"வந்துட்டியா. இன்னைக்கு ஒன் வருகை போச்சே. குக்கர் கெடைக்காது பாத்துக்க," என்றான்.

"சும்மா கெட."

"எங்க கேங்ல முப்பத்தோரு பேரு இருக்கோம். முப்பத்தோரு பேருக்கும் மஞ்ச. ஒங்க சீட்டுதான், பாக்கெட்டுல ஊர் பேரு போட்டிருக்குமே. எங்க அக்கா செஞ்சதுன்னு நான்தான் எல்லார்ட்டயும் சொல்லுவேன்."

ரத்தம் பார்க்கிற அறையில் சங்கரேஸ்வரி என்று ஒரு லேப் டெக்னீசியன் இருந்தாள். என்னைவிடப் பத்து வயசு சின்னவள். தம்பியின் ரிப்போர்ட்டையும் லீலாவதி கொண்டுவந்திருந்த காலைச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சீட்டு எந்த ஊர்ல செய்றாங்க?"

"நாங்கதாம்மா செய்றோம்."

என் விரல்களைப் பார்த்தாள். மருந்துபட்டு நகம் வரை மஞ்சளாக இருக்கும், சோப்புக்கு அசையாது.

"நல்லா இருக்கிற ஆம்பளைக்குக் கிரியாட்டினின் ஒண்ணு, கூடிப்போனா ஒண்ணேகால். உங்க தம்பிக்கு ஒன்பது. ஒரே நாள்ல ஒண்ணுல இருந்து ஒன்பது ஆகாதுக்கா. ஆறேழு மாசமா மூணரை நாலுல இருந்திருக்கும். வெயில்ல விழுந்ததும் ஏறிப்போச்சு. அப்ப ஆறு மாசமா சீட்டு ஆரஞ்சு காட்டியிருக்கணும்ல?" சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். "காட்டித்தான் இருக்கு. பாருங்க, லேசா ஆரஞ்சு. போன்தான் இத நல்லதுன்னு சொல்லியிருக்கு. போனுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

ஒப்பு பற்றிச் சொன்னேன். குப்பி கெட்டதைச் சொன்னேன். குக்கரையும் சொன்னேன்.

அவள் என் கையில் ரப்பரைக் கட்டி ரத்தம் எடுத்து மிஷினில் வைத்தாள்.

"மூணு புள்ளி எட்டு," என்றாள். "எப்படிக்கா நடமாடுறீங்க?"

"வேலை இருக்குல்ல."

"விளையாடாதீங்க. மொத நாள் நீங்க ரத்தம் வச்சப்ப ஒருவேளை ஒண்ணரை இருந்திருக்கும். அப்புறம் ரெண்டு, ரெண்டரை. நீங்க கெடக்கெட போனு அதையே நல்லதுன்னு எடுத்துக்கிட்டுப் போயிருக்கு. உங்களை மாதிரி கெட்டவங்க எல்லாரும் நல்லவங்க ஆயிட்டாங்க. புரியுதா?"

புரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. எத்தனை சீட்டு என்று கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு நாற்பதாயிரம். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"தம்பிக்கு என்ன செய்யணும்?"

"டயாலிசிஸ். வாரம் ரெண்டு தடவை. ஆனா இடம் கெடைக்காது. இங்க மிஷின் அஞ்சு. ஆரஞ்சுப் பதிவு இருக்கிறவங்களுக்குத்தான் சட்டப்படி முதல் வரிசை. உங்க தம்பிக்கு இருபத்தாறு வாரமும் நல்லதுன்னு பதிவு இருக்கு. கடைசி வரிசையில போட்டுருவாங்க. இப்ப ரெண்டு தடவை அவசரத்துக்குப் போடுவாங்க. அதுக்கப்புறம் பத்து நாள்தான் பாக்கலாம்."

"பதிவு தப்புன்னு சொன்னா?"

"சீட்டு செஞ்சவங்க எழுதிக் குடுக்கணும்."

கிளம்பும்போது ஆஸ்பத்திரிக் குப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள், நல்ல ஆளின் ரத்தத்துக்குச் சரியான திரவம். மீன்கடையில் ஐஸ் வாங்கிச் சோற்றுத் தூக்கில் போட்டு அதற்குள் குப்பியை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

*

மறுநாள் காலையில் குப்பித் திரவத்தை வைத்து ஒப்பு எடுத்தேன். போனில் 'நல்லது' என்று வந்த மஞ்சள், எலுமிச்சம்பழ மஞ்சள். அந்த நிறத்தை நான் இரண்டரை வருஷமாகப் பார்க்கவில்லை. பிறகு எல்லாரையும் கூப்பிட்டு விரலை நீட்டச் சொன்னேன்.

ஐந்து நிமிஷத்தில் மேசை முழுக்க ஆரஞ்சு. என்னோடு சேர்த்து முப்பத்து நாலு பேரில் முப்பத்தொரு பேருக்கு. மஞ்சளாக நின்ற மூன்று பேரும் போன மாதம் சேர்ந்த பிள்ளைகள்.

எபனேசர் சார் சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"சார், நீங்களும் ஒரு சொட்டு வைங்க," என்றாள் பேச்சித்தாய்.

"நான் எதுக்கும்மா? நான் என்ன வெயில்லயா நிக்கேன்?"

"ஊசின்னா பயமா சார்?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் விரலைக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மஞ்சள்.

"பாத்தியாக்கா," என்றாள் பேச்சித்தாய், "ஏசி ரூம்ல மட்டும்தான் மூத்திரம் ஒழுங்காப் போகுது."

யாரும் சிரிக்கவில்லை. எபனேசர் சார்கூடக் கோபப்படவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சீனியம்மா, நான் ஒண்ணு கேக்கேன். இந்த ஒப்பை அனுப்பிட்டேன்னு வையி. அடுத்த திங்கக்கெழமை கேட்டுல எத்தன பேரு உள்ள வருவீங்க? மூணு பேரு. சீட்ட யாரு செய்வா?"

"என் தம்பிக்கு எழுத்து வேணும் சார். பேட்ச் தப்புன்னு."

"நான் எழுதுனா எம் பேரு போகும். மேல கேக்கேன். ரெண்டு நாளு பொறு."

அடுப்படிக்குத் திரும்பினேன். மற்றவர்கள் அவரவர் இடத்தில் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். பேச்சித்தாய் மட்டும் ட்ரேயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, கோவிச்சுக்கிராத. எனக்கு இந்த மஞ்ச வேண்டாம். ஒன் மஞ்சளையே வையி."

"ஒனக்கு ஒடம்பு கெட்டுப்போச்சுடி. கண்ணால பாத்தேல்ல?"

"பாத்தேன். பாத்து என்ன செய்ய? ரெண்டு வாரம் வீட்ல ஒக்காருன்னா, அப்புறம் இன்னும் ரெண்டு வாரம். எம் மகளுக்கு நர்சிங் காலேஜ்ல ரெண்டாம் வருசம். அவ முடிக்கட்டும். அதுக்கப்புறம் ஆரஞ்சு காட்டு, நானே கைதட்டுறேன்."

"அதுக்குள்ள விழுந்துட்டா?"

"விழுந்தா விழுறேன். நின்னுக்கிட்டே சாகுறதுக்குக் கூலி குடுக்காக. ஒக்காந்து சாகுறதுக்கு யாரு குடுக்கா?"

அன்றைக்கு எந்த ஒப்பை அனுப்புவது என்று மேசை முன்னால் வெகுநேரம் நின்றேன். குப்பியில் இன்னும் பாதி இருந்தது. வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். என் விரலைக் குத்தினேன்.

*

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து கார் வந்தது. ஹரிணி என்று ஒரு பெண். முப்பது வயசுக்குள் இருக்கும். எபனேசர் சார் தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றார். என்னை உட்காரச் சொன்னது அவள்தான். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி எப்படி இருக்காரும்மா?"

"ரெண்டு தடவை மிஷின்ல போட்டாச்சு. இனிமே இடம் இல்லைன்னுட்டாக."

அவள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். கீழே இடது பக்கம் தொடங்கி மேலே வலது பக்கம் போகிற ஒரு கோடு.

"இது என்னன்னு தெரியுதா?"

"தெரியல."

"நீங்கதாம்மா. தினம் அனுப்புற ஒப்போட நிறம். இரண்டரை வருஷம்."

கோடு சீராக ஏறியிருந்தது. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"போன வருஷம் ஆடி மாசமே பாத்துட்டோம். சரி பண்ணணும்னுதான் இருந்தோம். அந்த மாசம்தான் நம்ம ஆர்டர் மூணு மடங்கு ஆச்சு." தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். "மத்த கம்பெனிச் சீட்டு போட்டா கேட்டுல பாதிப் பேரு திரும்பிப் போயிடறாங்க. நம்ம சீட்டு போட்டா எல்லாரும் உள்ள வர்றாங்க. சட்டத்துக்குச் சீட்டும் போட்டாச்சு, வேலையும் நடக்குது. முதலாளிங்க வேற எதை வாங்குவாங்க? தப்பா எடுத்துக்காதீங்க, வேலை செய்றவங்களும் அதைத்தான் கேக்கறாங்க. உங்க பொண்ணுங்க கேக்கலையா?"

அடுப்படிப் பேச்சை எபனேசர் சார் சொல்லியிருக்க வேண்டும்.

"இப்ப ஒரு புது ஏற்பாடு. நிழல்ல உக்காந்து வேலை செய்றவங்களுக்கு ஒரு அளவு. வெயில்ல, அடுப்புல வேலை செய்றவங்களுக்கு ஒரு அளவு. 'உழைப்பாளர் அளவு'ன்னு பேரு. அரசாங்கக் கமிட்டி ஒத்துக்கிட்டாங்க. அடுத்த மாசத்துல இருந்து எல்லாக் கம்பெனிக்கும் அதுதான். குப்பியும் நாங்களே தயார் பண்ணி அனுப்புவோம், இனிமே நீங்க விரல்ல குத்திக்க வேண்டாம்."

"அந்த அளவு யாரோடது?"

"உங்களோடது. போன ஆடி மாசத்து நீங்க. ரெண்டு புள்ளி ஒன்பது."

கோட்டின் மேல்முனையைப் பார்த்தேன்.

"அப்ப இப்ப இருக்கிற நான்?"

"இப்ப நீங்க அந்த அளவுக்கும் ஆரஞ்சும்மா," என்றாள். உண்மையாகவே வருத்தமாகத்தான் சொன்னாள். "அதனால உங்களுக்கு உள்ள ஒரு உக்கார்ற வேலை போட்டிருக்கோம். பேட்ச் ரெஜிஸ்டர்ல கையெழுத்து. அதுக்குக் கேட்ல சீட்டு கிடையாது."

மேசைமேல் ஒரு தாளை வைத்தாள். தமிழில் அடித்திருந்தது. பேட்ச் எதிலும் தப்பில்லை, எல்லாம் உழைப்பாளர் அளவுக்குள் இருந்தவை, என் சம்மதத்தோடு ரத்தம் எடுத்தார்கள், இதுபற்றி நான் வெளியில் யாரிடமும் பேசமாட்டேன். இவ்வளவுதான். பக்கத்தில் இன்னொரு தாள் வைத்தாள். கம்பெனியும் சேர்ந்து நடத்துகிற டயாலிசிஸ் மையத்தில் அய்யாத்துரைக்குத் திங்கள், வியாழன், காலை ஏழு மணி.

"தப்புன்னு எழுதிக் குடுத்தா?" என்றேன்.

"குடுக்கலாம். விசாரணை நடக்கும். ஒரு வருஷம் ஆகலாம். உங்க தம்பிக்கு எத்தனை நாள் சொல்லியிருக்காங்க?"

"பத்து. ஒண்ணு போச்சு."

பேனாவை எபனேசர் சார்தான் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். மருந்தின் மஞ்சள் அந்தத் தாளில் ஒட்டிவிடக் கூடாதே என்று, பழக்கத்தில், விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டுதான் போட்டேன்.

*

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. அய்யாத்துரை திங்களும் வியாழனும் மிஷினில் படுக்கிறான். லீலாவதி உப்பளத்துக்குத் தனியாகப் போகிறாள், அவளுக்குப் புது அளவில் மஞ்சள். பேச்சித்தாய்க்கும் மஞ்சள். முப்பத்தொரு ஆரஞ்சில் என்னைத் தவிர எல்லாரும் மஞ்சளாகிவிட்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறேன். இந்த வருஷம் குக்கர் கொடுக்கவில்லை, நான்ஸ்டிக் தோசைக்கல். அதையும் எனக்குத்தான் கொடுத்தார்கள்.

போன வியாழக்கிழமை மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது தம்பி கேட்டான்.

"அக்கா, எங்க ஆளுக கிட்ட சொல்லிட்டியா?"

"என்னத்த?"

"சீட்டு சரியில்ல, ஒடம்பப் பாத்துக்கோங்கன்னு. நீ வந்து சொல்லுவேன்னு எல்லாருக்கும் போன் போட்டேன். நான் சொன்னா, மிஷின்ல படுத்திட்டு ஒளர்றான்னு சிரிக்கானுக. செஞ்சவ சொன்னா நம்புவானுக."

"சொல்றேன்," என்றேன்.

"சேர்மக்கனி விழுந்துட்டானாம். நம்ம அந்தோணியும்."

"ம்."

"அவங்களுக்கெல்லாம் மிஷின்ல எடம் கெடையாதுல்ல?"

"கெடையாது."

அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

உப்பளத்துக்கு இங்கேயிருந்து இரண்டு பஸ். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. ஐந்து மாதத்தில் இருபது ஞாயிறு போயிருக்கிறது. அய்யாத்துரையோடு வேலை செய்த முப்பது பேரில் இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள். மீதி இருபத்தெட்டுப் பேரிடமும் நேரில் போய், உங்கள் சிறுநீரகம் கெட்டிருக்கிறது, சீட்டு பொய், அதைப் பொய்யாக்கியது என் ரத்தம் என்று நான் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.